என் முறை எப்போது வரும்?

ஓர் அறை. நடுவில் ஒரு மேசை. அதைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்திருக்கிறார்கள். மேசையின்மீது கட்டம் போட்ட தாள், பென்சில்கள், பல முகங்கள் கொண்ட பகடைகள். அறுவரில் ஒருவர் பேசுகிறார்: “நீங்கள் ஐவரும் குகைக்குள் நுழைகிறீர்கள். தீவட்டி வெளிச்சத்தில் இரண்டு வழிகள் தெரிகின்றன. இடப்பக்க வழியில் ஏதோ உறுமுகிறது. வலப்பக்க வழியில் தண்ணீர் சொட்டும் ஓசை கேட்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?”

மற்ற ஐவரும் அந்தக் கதைக்குள் வாழும் மாந்தர்கள். ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டுத் திறப்பதில் வல்ல திருடர். ஒவ்வொருவரும் தாம் ஏற்ற பாத்திரமாகவே எண்ணி, “நான் இதைச் செய்கிறேன்” என்று வாயால் சொல்லுகிறார். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. விளைவு என்ன என்பதை முதலில் பேசியவர் சொல்லுகிறார். அவர்தாம் நடுவர். பிறகு கதை அடுத்த படிக்கு நகருகிறது. நாடகத்தைப்போல முன்பே எழுதி வைத்த வசனம் கிடையாது; சதுரங்கத்தைப்போல ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதும் கிடையாது. இதுதான் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு.

கேட்கவே சுவையாக இருக்கிறதல்லவா? ஆனால் இவ்விளையாட்டை நடத்திப் பார்த்த நடுவர் பலரும் ஒரே குறையைச் சொல்லுவார்கள். தொடக்கத்தில் எல்லாரும் கண்கொட்டாமல் கேட்கிறார்கள். ஒரு மணி நேரம் கழிந்ததும் ஒருவர் பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டுகிறார். ஒருவர் கைப்பேசியைத் திறக்கிறார். இருவர் வேறு ஊர்க்கதை பேசுகிறார்கள். முறை வரும்போது, “என்ன நடந்தது? நான் யாரை எதிர்க்க வேண்டும்?” என்று விழிக்கிறார்கள். நடுவர் முதலிலிருந்து திரும்பச் சொல்லுகிறார். அதற்குள் மற்றவர்களின் கவனமும் கலைகிறது. சில வாரங்களில் ஒருவர் வராமல் நின்றுவிடுகிறார், பிறகு இன்னொருவர், கடைசியில் ஆட்டமே நின்றுவிடுகிறது.

“இவர்களுக்குக் கவனமே இல்லை” என்பது நடுவரின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சரிதானா? கவனமின்மை ஆளிடம் உள்ள குறையா, அல்லது அவர் அமர்ந்திருக்கும் மேசையில் உள்ள குறையா? வகுப்பறையில் இதே சொல்லைக் கேட்டுப் பழகிய உங்களுக்கும் இந்தக் கேள்வியில் அக்கறை இருக்கும். விஞ்ஞானம் என்ன விடை சொல்லுகிறது என்று பார்ப்போம்.

குழப்பத்தில் பிறந்த விளையாட்டு

இவ்விளையாட்டின் பிறப்பே நம் கேள்வியோடு தொடர்புடையது. பொம்மைப் படைவீரர்களை மேசைமீது நிறுத்திப் போர் நடத்திப் பார்ப்பது பழைய வழக்கம். 1824 ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர், அதிகாரிகளின் பயிற்சிக்காக, நடுவர் ஒருவரை வைத்து நடத்தும் போர் விளையாட்டுக்கு விதிகள் வெளியிட்டார். 1960களில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இளைஞர் சிலர் இத்தகைய போர் விளையாட்டுகளில் ஈடுபட்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் டேவிட் வெஸ்லி. 1969 இல் அவர் நெப்போலியன் காலத்து ஜெர்மனியில் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை நகரை அமைத்து, அதைச் சூழ்ந்து ஒரு போரைத் திட்டமிட்டார். இரண்டு படைகளுக்கு இரண்டு தலைவர்கள் போதும். ஆட வந்தவர்களோ பலர். மற்றவர்கள் என்ன செய்வது? வேடிக்கை பார்ப்பதா? வெஸ்லி ஒருவரை நகரத் தலைவராக்கினார். ஒருவரை வங்கி நடத்துபவராக்கினார். ஒருவரைப் பல்கலைக்கழகத் தலைவராக்கினார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு நோக்கத்தையும் கொடுத்தார்.

ஆட்டம் தொடங்கியதும் நடந்தது வேறு. நடுவர் கூப்பிடட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. மூலைக்கு மூலை நின்று இரகசியம் பேசினார்கள்; தங்களுக்குள் உடன்படிக்கை செய்தார்கள்; சூழ்ச்சி செய்தார்கள். திட்டமிட்ட போர் நடக்கவே இல்லை. எல்லாம் குழப்பமாகிவிட்டது, ஆட்டம் தோற்றுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ, அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார்கள்!

அவ்வாறு ஆடியவர்களில் ஒருவர் டேவ் ஆர்னிசன். அவர் இந்தக் கருத்தை மந்திரமும் கோட்டைகளும் பாதாள அறைகளும் நிறைந்த ஒரு கற்பனை உலகத்துக்குக் கொண்டுபோனார். அதை விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் என்பவருக்கு ஆடிக் காட்டினார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு 1974 இல் ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்தது. முதலில் அச்சிட்டவை 1,000 பெட்டிகள்தாம். இன்று உலகெங்கும் ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கெல்லாம் அதுவே மூத்தது.

இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிரவுன்ஸ்டைன் ஆட்டத்தில் வெஸ்லி யாரையும் “கவனியுங்கள்” என்று அதட்டவில்லை. சும்மா இருந்திருக்க வேண்டியவர்களுக்கு வேலை கொடுத்தார். அவ்வளவே.

கூட்டிக் கழித்துப் பார்ப்போம்

இனி நம் மேசைக்குத் திரும்புவோம். குகைக்குள் ஒரு சண்டை மூளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. முறை வந்தவர் என்ன செய்வது என்று ஒன்றரை நிமிடம் யோசிக்கிறார். பிறகு அரை நிமிடத்தில் சொல்லிப் பகடையை உருட்டுகிறார். ஆக ஆளுக்கு 2 நிமிடம். எதிரிகளின் செயல்களை நடுவர் நடத்த 3 நிமிடம். ஆட்டக்காரர் ஐவர் என்றால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 5 × 2 + 3 = 13 நிமிடம்.

இதில் ஒருவர் செயல்படுவது 2 நிமிடம். காத்திருப்பது 11 நிமிடம். அதாவது 100 க்கு 85 பங்கு நேரம் அவர் வெறும் பார்வையாளர்! ஆட்டக்காரர் எண்மர் என்றால் ஒரு சுற்றுக்கு 19 நிமிடம். காத்திருப்பு 17 நிமிடம். சண்டை நான்கு சுற்று நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் ஒருவரின் பங்கு 8 நிமிடமே.

வேறொரு விதமாக ஆடிப் பார்ப்போம். ஐவரும் ஒரே நேரத்தில் யோசிக்கட்டும். ஒன்றரை நிமிடம் ஆனதும் வரிசையாக ஆளுக்கு அரை நிமிடத்தில் சொல்லி உருட்டட்டும். நடுவருக்கு முன்போலவே 3 நிமிடம். இப்போது கணக்கு 1½ + 2½ + 3 = 7 நிமிடம். ஒருவர் செயல்படும் நேரம் அதே 2 நிமிடம்தான்; காத்திருப்பு மட்டும் 11 இலிருந்து 5 நிமிடமாகக் குறைந்துவிட்டது. எதிரிகளின் பகடைகளை ஒவ்வொன்றாக அல்லாமல் ஒரே கையில் சேர்த்து உருட்டி, நடுவர் தம் 3 நிமிடத்தை ஒன்றரை நிமிடமாக்கினால் காத்திருப்பு மூன்றரை நிமிடமாகிவிடும். ஆட்டக்காரர் மாறவில்லை, கதை மாறவில்லை, ஒழுங்கு ஒன்றுதான் மாறியது.

1981 இல் வெளிவந்த இவ்விளையாட்டின் தொடக்கநிலைப் பதிப்பு ஏறக்குறைய இந்த முறையையே பின்பற்றியது. ஒவ்வோர் ஆளுக்கும் தனி வரிசை வகுக்காமல், அணிக்கு ஒரு பகடை உருட்டி, வென்ற அணியினர் எல்லாரும் முதலில் செயல்படுவார்கள்.

கடிகார முள்ளும் கவனமும்

காத்திருப்பதால் அப்படி என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை தேட இரண்டாம் உலகப் போருக்குப் போக வேண்டும். அப்போது பிரிட்டிஷ் விமானப் படையினர் ரேடார் திரையின்முன் மணிக்கணக்காக அமர்ந்து, நீர்மூழ்கிக் கப்பலைக் காட்டும் சிறு புள்ளி தோன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடமை தவறாத வீரர்களும் நேரம் செல்லச் செல்லப் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். ஏன்?

கேம்பிரிட்ஜில் நார்மன் மாக்வொர்த் என்ற உளவியல் அறிஞர் இதை ஆராய ஒரு கருவி செய்தார். எண்களற்ற ஒரு வட்டம். அதில் ஒரு முள். முள் வினாடிக்கு ஒரு படி நகரும். 100 படிகளில் ஒரு சுற்று முடியும். எப்போதாவது ஒரு முறை அது இரண்டு படி துள்ளும். அதைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். இப்படி இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். 1948 இல் வெளியான முடிவு இதுதான்: முதல் அரை மணிக்குள்ளேயே கவனம் குறையத் தொடங்கிவிடுகிறது, தவறவிடும் துள்ளல்கள் பெருகுகின்றன. 

மாக்வொர்த் அத்துடன் நிற்கவில்லை. அரை மணி பார்த்தபின் அரை மணி ஓய்வு கொடுத்தபோது தேய்வு மறைந்தது. இன்னொரு சோதனையில், ஒவ்வொரு துள்ளலுக்குப் பின்னும் “சரி”, “தவறவிட்டீர்கள்” என்று உடனுக்குடன் சொல்லி வந்தார். அப்போதும் கவனம் தேயவில்லை. முள்ளும் ஆட்களும் அதே. தம் செயலின் விளைவு கண்முன் தெரிந்தது என்பதே வேறுபாடு.

விளையாட்டு மேசையும் ரேடார் திரையும் ஒன்றல்லதான். ஆனாலும் இரண்டுக்கும் பொதுவானது உண்டு. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம்மைத் தொடும் நிகழ்ச்சி எப்போதோதான் வரும். இந்த நிலையில் கவனம் தேய்வது மனித மூளையின் இயல்பு.

சும்மா இருப்பது எவ்வளவு கடினம்!

2014 இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோத்தி வில்சனும் அவருடைய குழுவினரும் ஒரு வேடிக்கையான பரிசோதனையை வெளியிட்டார்கள். ஓர் ஆளைத் தனி அறையில் 15 நிமிடம் உட்கார வைத்தார்கள். படிக்க, எழுத, பார்க்க எதுவும் கிடையாது. ஒரே ஒரு பொத்தான் மட்டும் உண்டு. அதை அழுத்தினால் இலேசான மின்னதிர்ச்சி தாக்கும். அந்த அதிர்ச்சியை முன்பே ஒருமுறை பெற்று, “இதைத் தவிர்க்கக் காசு வேண்டுமானாலும் கொடுப்பேன்” என்று சொன்னவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் ஆண்கள் 18 பேரில் 12 பேரும், பெண்கள் 24 பேரில் 6 பேரும் அந்த 15 நிமிடத்தில் ஒரு முறையாவது பொத்தானை அழுத்திவிட்டார்கள்!

செய்ய ஏதுமற்ற காத்திருப்பு மனத்துக்கு அவ்வளவு பாரம். அப்படியானால், 11 நிமிடம் காத்திருக்கும் ஆட்டக்காரர் கைப்பேசியைத் திறப்பதில் வியப்பென்ன? கைப்பேசி அங்கே நோயல்ல, நோயின் அறிகுறி.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். கை ஓயாமல் கிறுக்கிக்கொண்டிருப்பவர் கவனிக்கவில்லை என்று பொருளல்ல. 2009 இல் இங்கிலாந்தின் உளவியல் அறிஞர் ஜாக்கி ஆண்ட்ரேட் 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்கச் செய்தார். பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளில் உருவங்களுக்கு நிழல் தீட்டினார்கள். பின்னர் கேட்டதை நினைவுகூரச் சொன்னபோது, தீட்டியவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். சிறிய சோதனைதான், ஆனால் பயனுள்ள குறிப்பு. பழைய ஆட்டங்களில் குழுவினர் போகும் பாதையை வரைய ஒருவரை நியமிப்பது வழக்கம். கை துறுதுறுவென்று இருப்பவரிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்து, “குகையின் படத்தை நீங்கள் வரையுங்கள்” என்று சொல்லும் நடுவர் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறார்.

கயிறு இழுத்தவர்கள்

ஆள் கூடினால் ஆட்டம் களைகட்டும் என்று நினைக்கிறோம். 1974 ஆம் ஆண்டு விதிப்புத்தகமும் தாராள மனத்தோடு, ஒரு தொடர் ஆட்டத்தில் 4 முதல் 50 பேர் வரை ஆடலாம், ஒரு நடுவருக்குச் சுமார் 20 பேர் என்று சொன்னது! அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினால் என்னாவது? அதனால் ஒருவரைப் பேச்சாளராக வைத்து, குழுவின் முடிவை அவர் மட்டும் நடுவரிடம் சொல்லும் வழக்கம் இருந்தது. ஒழுங்குக்கு அது நல்லதுதான். ஆனால் மற்றவர்கள்?

மாக்சிமிலியன் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியல் அறிஞர், ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்த அளவுகளை 1913 இல் வெளியிட்டார். தனியே இழுப்பவரின் வலிமையை 100 என்று கொண்டால், இருவராக இழுக்கும்போது ஆளுக்கு 93. மூவராக இழுக்கும்போது 85. எண்மராக இழுக்கும்போது வெறும் 49! ஒருவரோடு ஒருவர் ஒத்திசைந்து இழுக்காதது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமல்ல. 1974 இல் ஆலன் இங்கம் குழுவினர், கண்களைக் கட்டிய ஒருவரிடம் பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்து, உண்மையில் அவரை மட்டும் இழுக்கச் செய்தார்கள். அப்போதும் அவர் தம் முழு வலிமையைக் காட்டவில்லை.

பிப் லட்டானேயும் அவருடைய தோழர்களும் 1979 இல் கைதட்டலிலும் கூச்சலிலும் இதே போக்கைக் கண்டார்கள். ஆனால் ஒவ்வொருவரின் பங்கையும் தனியே அளக்க முடியும் என்று தெரிவித்தவுடன் இந்தச் சோம்பல் மறைந்துவிட்டது என்பதை 1981 இல் அவர்களே காட்டினார்கள்.

ஆகவே, ‘குழு முடிவு செய்யட்டும்’ என்று பொதுவில் விடும் மேசையில் ஒருவர் பேசுவார், மூவர் தலையசைப்பார்கள். ‘பூட்டைத் திருடர் ஒருவராலேயே திறக்க முடியும், கல்வெட்டை மந்திரவாதி ஒருவராலேயே படிக்க முடியும்’ என்று கதையை அமைக்கும் மேசையில் ஒவ்வொருவரும் நிமிர்ந்து உட்காருவார்கள். வெஸ்லி நகரத் தலைவருக்கும் வங்கிக்காரருக்கும் தனித்தனி நோக்கம் கொடுத்ததன் பலன் இதுதான்.

இரைச்சலில் ஒரு பெயர்

கவனம் ஏற்கெனவே சிதறிவிட்டது. அதை எப்படித் திருப்பி அழைப்பது? உரக்கப் பேசினால் போதுமா?

1953 இல் காலின் செர்ரி என்பவர் இரண்டு காதுகளிலும் வெவ்வேறு செய்திகளை ஒலிக்கச் செய்து, ஒரு காதில் கேட்பதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். மற்றக் காதில் வந்த செய்தியிலிருந்து கேட்டவர்களால் ஏறக்குறைய எதையுமே சொல்ல முடியவில்லை. ஆங்கிலம் மாறி ஜெர்மன் மொழி வந்ததையும் அவர்கள் உணரவில்லை! 1959 இல் நெவில் மோரே, கவனிக்காத காதில் கேட்பவரின் பெயரையே ஒலிக்கச் செய்தார். சிலர் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். இதே சோதனையை 1995 இல் மேலும் கவனமாகத் திரும்பச் செய்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தம் பெயரைக் கேட்டார்கள்.

இதிலிருந்து நடுவருக்கு இரண்டு பாடங்கள். மனம் வேறிடத்தில் இருப்பவரிடம் ஐந்து வாக்கியம் பேசிவிட்டுக் கடைசியில் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அந்த ஐந்தும் அவர் மூளையில் ஏறியிருக்காது. முதலில் பெயர், பிறகு ஒரே வாக்கியத்தில் நிலைமை, பிறகு கேள்வி. இது முதற்பாடம். பெயர் அழைத்தும் மூவரில் இருவர் கேட்காமல் போகக்கூடும். ஆகையால் அது அவமதிப்பு என்று கோபிக்கத் தேவையில்லை என்பது இரண்டாம் பாடம். அடுத்த முறை யாருடையது என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்லது. “இப்போது போர்வீரர், அடுத்தது திருடர், ஆயத்தமாக இருங்கள்” என்றால், திருடரின் காத்திருப்பு யோசிக்கும் நேரமாக மாறிவிடுகிறது.

கேள்வியைக் கேட்டபின் சற்றுப் பொறுப்பதும் ஒரு கலை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகச் சராசரி ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் கண்டார். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது, விடைகள் நீண்டன. தாமே முன்வந்து பேசுவோரும் பெருகினார்கள். கூச்சமுள்ள ஆட்டக்காரருக்கு அந்த இரண்டு வினாடி பெரிய வரம்.

பகடையின் பாதி

எல்லாக் கண்களும் மேசைமீது ஒன்றாகக் குவியும் நேரம் ஒன்று உண்டு. பகடை உருளும் நேரம் அது. தாயக்கட்டை உருட்டிப் பழகிய உங்களுக்கு அந்தப் படபடப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எல்லா உருட்டலும் ஒரே அளவு கவனத்தை இழுப்பதில்லை.

இவ்விளையாட்டில் புகழ்பெற்ற பகடைக்கு 20 முகங்கள். 2 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி என்றால் நிகழ்தகவு 20 இல் 19. விடை முன்பே தெரிந்ததுபோலத்தான். 11 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்றால் 20 இல் 10, அதாவது சரிபாதி. இப்போது யாராலும் ஊகிக்க முடியாது. 1948 இல் கிளாட் ஷானன் வகுத்த தகவல் கொள்கை இதற்கு ஓர் அளவே தருகிறது. சரிபாதி வாய்ப்புள்ள நிகழ்ச்சி நமக்குத் தரும் தகவல் 1 பிட். 20 இல் 19 வாய்ப்புள்ள நிகழ்ச்சி சராசரியாகத் தருவது ஏறக்குறைய 0.29 பிட் மட்டுமே.

மூளையும் இந்தக் கணக்கை அறியும் போலும்! 2003 இல் ஃபியரில்லோ, டோப்ளர், ஷுல்ட்ஸ் என்ற மூவர் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தார்கள். ஓர் அடையாளத்தைக் காட்டியபின் சுவையான பானம் கிடைக்கும். சில அடையாளங்களுக்கு உறுதியாகக் கிடைக்கும், சிலவற்றுக்குப் பாதித் தடவைதான் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அடையாளம் தோன்றியதிலிருந்து பானம் வரும் நேரம் வரையில், அந்த நரம்பணுக்களின் துடிப்பு படிப்படியாக உயர்ந்தது. அந்த உயர்வு மிகுதியாக இருந்தது வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதுதான். குரங்கில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆயினும், ‘என்ன ஆகுமோ’ என்ற ஐயமே நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது என்பது உங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறதல்லவா?

எனவே, கதவைத் திறக்கவும் மரத்தில் ஏறவும் பகடையை உருட்டச் சொல்லி நேரத்தை வீணாக்குவதில் பயனில்லை. முடிவு ஐயத்துக்கு இடமானதாகவும், வென்றாலும் தோற்றாலும் கதை திசை மாறக்கூடியதாகவும் இருந்தால் மட்டும் உருட்டச் சொல்ல வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

மூன்று மணி நேர ஆட்டம் முடியும் நேரம் வந்துவிட்டது. சண்டையை முடித்து, புதையலைப் பங்கிட்டு, எல்லாவற்றையும் சுத்தமாக மூடிவிட்டுப் போகலாமா? அல்லது கதவு திறக்கும் நேரத்தில் ‘மீதி அடுத்த வாரம்’ என்று நிறுத்தலாமா?

1920களில் பெர்லின் நகரில் குர்ட் லெவின் என்ற பேராசிரியரிடம் பயின்ற இரண்டு பெண்கள் இத்தகைய கேள்வியை ஆராய்ந்தார்கள். புளூமா ஸைகார்னிக் 1927 இல், பாதியில் நின்ற வேலை முடிந்த வேலையைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்றார். மரியா ஓவ்சியாங்கினா 1928 இல், பாதியில் தடுக்கப்பட்டவர்கள் யாரும் சொல்லாமலேயே அந்த வேலைக்குத் திரும்பிப் போகிறார்கள் என்றார். பிற்காலச் சோதனைகள் பலவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது முதற்கூற்று உறுதிப்படவில்லை; இரண்டாவது கூற்று நிலைத்து நின்றது. விஞ்ஞானத்தில் புகழ்பெற்ற கூற்றும் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நம் நடுவருக்கு வேண்டியதும் அந்த இரண்டாவது கூற்றுதானே! வார இதழ்களில் தொடர்கதை எழுதுவோர் இதைச் சோதனை செய்யாமலேயே அறிந்து வைத்திருக்கிறார்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இந்த விளையாட்டு உங்களிடம் இல்லையென்றாலும் கவலையில்லை. முறை வைத்து ஆடும் எந்த விளையாட்டிலும், பள்ளியில் நடக்கும் எந்தக் குழு வேலையிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரு கைக்கடிகாரமும் ஒரு தாளும் போதும்.

தாளில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். அரை மணி நேரத்தில் ஒவ்வொருவரும் பேசியோ செய்தோ பங்கேற்ற நேரத்தைக் குறியுங்கள். ஒவ்வொருவரும் இடைவிடாமல் காத்திருந்த மிக நீண்ட நேரத்தையும் குறியுங்கள். “என்ன நடந்தது?” என்ற கேள்வி எத்தனை முறை எழுந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் கவனமானி.

அடுத்த நாள் அதே ஆட்களோடு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் யோசிக்கச் சொல்லலாம். அல்லது அடுத்தவர் பெயரை முன்பே அறிவிக்கலாம். அல்லது ஒவ்வொருவருக்கும் அவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்றைக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமற்போகும். ஆகவே ஒரு முறைக்கு ஒரு மாற்றமே போதும். பிறகு கவனமானியின் எண்ணை ஒப்பிடுங்கள். ஒருநாள் முடிவை நம்பிவிடாமல் மூன்று நான்கு முறை திரும்பச் செய்யுங்கள்.

எல்லாக் கவனச் சிதறலுக்கும் மேசைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பசி, தூக்கமின்மை, மனக்கவலை ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும். சிலருக்குக் கவனக்குறைவு மருத்துவரின் உதவி தேவைப்படும் நிலையாகவும் இருக்கலாம். அந்தக் கதையே பிடிக்காதவரும் இருப்பார். ஆனால் ஒருவரைப் பார்த்து “உனக்குக் கவனமில்லை” என்று சொல்லும் முன்பு, அவர் எத்தனை நிமிடம் காத்திருந்தார், அவர் செய்வதால் எதுவும் மாறுகிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவது நியாயம். முதற்கேள்விக்கு விடை கடிகாரத்தில் இருக்கிறது. இரண்டாவது கேள்வியை அவரிடமே கேட்கலாம். கேட்டபின் மூன்று வினாடி பொறுத்திருக்க மறவாதீர்கள்.